ஹூவரின் ராப்பிடான் முகாம்: கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள், இரண்டு ஓடைகள் கலக்கிற ஒரு மலைமடிப்பில், அமெரிக்காவின் 31ஆவது அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் கோடை வீடு இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது வடக்கு வர்ஜீனியா. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப் போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அங்கே எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பது எப்போதும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

அதிபரின் வீடு என்றால் பெரிய மாளிகையா?

இல்லை. அதை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். பழுப்பு நிறம் அடித்த மரக் கேபின், ஒரே தளம், முன்னால் மரத்தள முற்றம். வாஷிங்டனில் இருப்பது வெள்ளை மாளிகை, இது பழுப்பு வீடு என்று வேடிக்கையாக 'பிரவுன் ஹவுஸ்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஹூவர் காலத்தில் இப்படி 13 கட்டடங்கள் மரங்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. இன்று மிஞ்சியவை மூன்று: பிரவுன் ஹவுஸ், பிரைம் மினிஸ்டர்ஸ் கேபின், கிரீல். மற்றவை பராமரிப்பில்லாமல் சிதைந்து இடிக்கப்பட்டன. அவை நின்ற இடத்தில் பலகை மட்டும் இருக்கும்.

நம் ஊட்டி ராஜ்பவன் மாதிரி என்று சொல்லலாமா?

கோடைக்கு மலையேறுவது என்ற ஒரு விஷயத்தில் சரி. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாண அரசே வெயில் மாதங்களில் கோப்பு, குமாஸ்தா சகிதம் ஊட்டிக்கு ஏறிவிடும். அது அரசு செலவில் நடந்த இடமாற்றம். ஹூவர் விஷயம் நேர் எதிர். பெரும்பாலும் வார இறுதிக்கு வந்து போனார், நிலத்துக்குத் தன் கைக்காசைக் கொடுத்தார்.

கைக்காசா? நிஜமாகவா?

நிஜம்தான். இந்த இடத்தைக் காட்டி அழைத்ததே வர்ஜீனியா மாநிலத்தார்தான். பூங்கா அமைப்பதற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அதிபரே வந்து தங்கினால் அதைவிட வேறென்ன விளம்பரம் வேண்டும்? ஹூவர் இலவசமாக வாங்க மறுத்து, 164 ஏக்கரை ஏக்கருக்கு 5 டாலர் என்று விலை கொடுத்து வாங்கினார். மரம், ஆணி என்று கட்டுமானப் பொருளுக்கும் அவர் பணமே. சுரங்கப் பொறியாளராக உலகம் சுற்றிச் சம்பாதித்த பணக்காரர், அவருக்கு அது பெரிய தொகை இல்லை.

ஆனால் 'ஒரு பைசா அரசுப் பணம் இல்லை' என்று சில பதிவுகளில் எழுதுகிறார்களே, அதை அப்படியே விழுங்க வேண்டாம். கட்டியவர்கள் மரீன் படையினர். 'பயிற்சி' என்ற கணக்கில் சாலை போட்டார்கள், கேபின் எழுப்பினார்கள். அந்தக் கூலி அவர் பையிலிருந்து போகவில்லை.

இவ்வளவு மலை இருக்க, ஏன் இந்த மூலை?

ஹூவர் மூன்று நிபந்தனை வைத்தார். வாஷிங்டனிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும், கொசு ஏறாதபடி 2,500 அடி உயரத்தில் இருக்க வேண்டும், டிரவுட் மீன் ஓட வேண்டும். மூன்றில் முக்கியமானது மூன்றாவதுதான் என்பது என் ஊகம். மனிதர் அப்படி ஒரு தூண்டில் பைத்தியம்.

மில் பிராங், லாரல் பிராங் என்ற இரண்டு ஓடைகள் முகாமில் வந்து சேர்ந்துதான் ராப்பிடான் ஆறு பிறக்கிறது. பிரவுன் ஹவுஸ் முற்றத்தில் நின்றால் இடது காதில் ஒரு ஓடை, வலது காதில் ஒன்று. எங்கள் பெரியப்பா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ரெண்டும் ஒரே சுருதியில இல்ல பாத்தியா" என்றார். அதுவரை நான் கவனித்ததில்லை. அவர் சொன்னது சரி: ஒன்று சலசலவென்று மேலே ஒலிக்கும், மற்றது பாறைக்கடியில் உருட்டுகிற மாதிரி அடங்கி ஒலிக்கும். அங்கே போனால் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள்.

எப்படிப் போவது? கார் நேராக வாசல் வரை போகுமா?

போகாது. முதலில் ஸ்கைலைன் டிரைவ். மலைமுகட்டிலேயே 105 மைல் ஓடும் ஒற்றைச் சாலை, எல்லா இடமும் மைல் கல் எண்ணால் அடையாளம் சொல்லப்படும். ஃபேர்ஃபாக்ஸ் பக்கத்திலிருந்து 211ஆம் சாலை வழியாகத் தார்ன்டன் கேப் வாயிலில் நுழைந்து தெற்கே இருபது மைல் சொச்சம் போனால் பிக் மெடோஸ் வரும், 51ஆவது மைல். மொத்தம் இரண்டு, இரண்டேகால் மணி நேரம். வேக வரம்பு மணிக்கு 35 மைல்தான். மான் குறுக்கே பாயும், அதைவிட ஆபத்து மலைக்காட்சி பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். தேசியப் பூங்கா வருடாந்தர அட்டை இருந்தால் அதைக் காட்டலாம்.

அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று, 52.8ஆவது மைலில் மைலம் கேப் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு மில் பிராங் ட்ரெயிலில் நடந்து இறங்குவது. இன்னொன்று, பிக் மெடோஸில் உள்ள பேர்ட் பார்வையாளர் மையத்திலிருந்து ரேஞ்சர் (பூங்கா ஊழியர்) கூட்டிப்போகும் வேன்.

நடை எவ்வளவு கஷ்டம்?

போக வர சுமார் 4 மைல். ஏற்ற இறக்கம் 850 அடிக்குப் பக்கம். பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: திருவண்ணாமலையோ பழனியோ, முதலில் ஏறி முட்டி கெஞ்சிய பிறகு இறங்குவோம். இங்கே தலைகீழ். போகும்போது வெறும் இறக்கம், பாட்டுப் பாடிக்கொண்டே போய்விடலாம். ஏற்றம் முழுக்கத் திரும்பி வருவதற்கென்று மிச்சம் இருக்கும், அதுவும் சாப்பிட்ட வயிற்றோடு. இதைத் தெரியாமல் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே காலி பண்ணிவிட்டு வரும் கோஷ்டியை ஒவ்வொரு முறையும் வழியில் பார்க்கிறேன்.

சாலையைக் கடந்ததும் அப்பலேச்சியன் ட்ரெயில் குறுக்கே வரும். அதில் போகாமல் இடதுபுறம் பிரியும் மில் பிராங் ட்ரெயிலைப் பிடியுங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும். முதல் அரை மைல் சாதாரணக் காடுதான். பிறகு ஓடை கூட வரத் தொடங்கும். சில இடங்களில் பாலம் கிடையாது, கல்லில் கால் வைத்துத்தான் தாண்ட வேண்டும். கோடையில் கணுக்கால் நனையாமல் போய்விடலாம். நல்ல மழை பெய்த மறுநாள் அந்தக் கற்களே தண்ணீருக்கடியில் இருக்கும், அன்று போகாதீர்கள். முகாமுக்குச் சற்று முன்னால் பிக் ராக் என்று சின்ன அருவி ஒன்று விழுகிறது. குற்றாலத்தைப் பார்த்த கண்ணுக்கு அது குழாயடிதான். இருந்தாலும் அடியில் தேங்கிய தண்ணீர் கண்ணாடி.

செருப்பு வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருவர் பாத்ரூம் செருப்போடு இறங்கினார், பாதி வழியில் வார் அறுந்து, மீதிக்கு என் காலுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு நடந்தார். யார் என்று சொன்னால் அடுத்த தீபாவளிக்குச் சோறு கிடைக்காது.

அம்மா அப்பாவுக்கு முட்டிவலி. அவர்கள் பார்க்கவே முடியாதா?

அவர்களுக்குத்தான் அந்த வேன். வசந்தத்தின் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் வரைதான் ஓடும், நாளும் நேரமும் வருடத்துக்கு வருடம் மாறும். போய் வர இரண்டரை மணி நேரம் ஆகும். இடம் சொற்பம். முன்பதிவை இணையத்தில் செய்துவிடுங்கள், அக்டோபர் வார இறுதி என்றால் ரொம்ப முன்னாலேயே. வேன் போகும் பாதை கேட் போட்டுப் பூட்டிய காட்டுச்சாலை, நம் காருக்கு அனுமதி இல்லை. நன்றாகக் குலுக்கும். முதுகுவலி உள்ளவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். இறங்கிய பிறகும் கேபின்களுக்கு இடையே கொஞ்சம் மேடு பள்ளம் நடக்க வேண்டியிருக்கும்.

கட்டடத்துக்குள் விடுவார்களா? உள்ளே என்ன இருக்கிறது?

ரேஞ்சர் சுற்றுலாவில் வந்தால் உள்ளே போகலாம். தனியாக நடந்து வருகிறவர்களுக்குக் கதவு பூட்டியிருந்தால் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான். முற்றமும் ஓடைக்கரையும் எல்லாருக்கும் பொது.

பிரவுன் ஹவுஸை ஹூவர் காலத்துத் தோற்றத்துக்கே திருப்பியிருக்கிறார்கள். பெரிய கல் கணப்பு, வரிசையாக ஜன்னல், மூங்கில் பிரம்புபோல் எளிமையான சாமான்கள். இந்த எளிமைக்குக் காரணம் லூ ஹென்றி ஹூவர், அவர் மனைவி. ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் படித்தவர். சுரங்கத் தொழில் பற்றிய 16ஆம் நூற்றாண்டு லத்தீன் நூல் ஒன்றைக் கணவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். முகாமின் அமைப்பு பெரும்பாலும் அவர் யோசனை. மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி முற்றத்தைக் கட்டச் சொன்னார். வீட்டுக்கு வெளியே திறந்தவெளியில் நிற்கும் கல் கணப்பை இன்றும் பார்க்கலாம்.

என் மாமியார் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்ட முதல் கேள்வி: "அடுப்படி எங்க மாப்ள?" நல்ல கேள்வி. சாப்பாடு எல்லாருக்கும் சேர்த்துத் தனிச் சாப்பாட்டுக் கூடத்தில். அந்தக் கூடம் இப்போது இல்லை. "அதானே, பொம்பளைங்க நிம்மதியா இருந்திருக்காங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முற்றத்து நாற்காலியைத் தேடினார்.

பிரைம் மினிஸ்டர்ஸ் கேபின் என்று ஏன் பெயர்? அமெரிக்காவில் ஏது பிரதமர்?

அவர் பிரிட்டன் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு. 1929 அக்டோபர் தொடக்கத்தில் வந்து தங்கினார். இரு நாட்டுப் போர்க்கப்பல்களை எப்படிக் குறைப்பது என்று அவரும் ஹூவரும் ஓடைக்கரையில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் கூடிய கடற்படை மாநாட்டுக்கு அந்தப் பேச்சு வழி திறந்தது. அதே அக்டோபர் முடிவதற்குள் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அதன்பின் ஹூவரின் பெயரே வசவாகிவிட்டது: வேலையும் வீடும் இழந்தவர்கள் ஊர் ஓரங்களில் போட்ட தகரக் குடிசைகளுக்கு 'ஹூவர்வில்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பணத்தில் கட்டிய மரக்குடிலில் அவர் டிரவுட் பிடித்துக்கொண்டிருந்த அதே வருடங்கள்.

ஒரு பையன் அதிபருக்குப் பொசம் கொண்டு வந்து கொடுத்த கதை உண்மையா?

உண்மை. பொசம் என்பது பெருச்சாளியைப் பெரிதாக்கின மாதிரி இருக்கும், வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் பாலூட்டி. 1929 ஆகஸ்டில் ஹூவரின் பிறந்தநாளை ஒட்டி, மலையில் வசித்த ஒரு சிறுவன் அதைப் பிடித்துக்கொண்டு வந்து பரிசாகக் கொடுத்தான். பேச்சுக் கொடுத்தபோது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை என்று தெரிந்தது. ஹூவர் முன்னின்று, தன் பணத்தையும் போட்டு ஒரு பள்ளி கட்டினார். 1930 பிப்ரவரியில் திறந்தது. கென்டக்கியிலிருந்து ஓர் ஆசிரியை வந்து அங்கேயே தங்கிக் கற்பித்தார். செய்தித்தாள்கள் கொண்டாடித் தீர்த்த கதை இது.

அந்த மலை ஜனங்கள் இப்போது எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு இந்த முகாமில் முக்கியமாகப் படுவது இதுதான்.

பூங்கா வெறும் காட்டில் உருவாகவில்லை. தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளமும் ஆப்பிளும் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் இந்தச் சரிவுகளில் இருந்தன. 1928இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டு, பூங்கா எல்லைக்குள் இருந்த நிலத்தை மொத்தமாகக் கையகப்படுத்தியது. பத்திரம் இருந்தவர்களுக்கு ஏதோ விலை கிடைத்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கீழே இறக்கப்பட்டன. பூங்கா 1935 டிசம்பர் 26 அன்று முறைப்படி அமைந்தது. வயதான சிலரை மட்டும் சாகும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். அப்படி இருந்தவர்களில் கடைசி மூதாட்டி 1979இல் இறந்தார்.

பள்ளிக்கூடம் கிடைத்த பிள்ளைகள், பத்து வருடத்துக்குள் ஊரையே விட்டுப் போனார்கள். வார இறுதிக்கு வந்தவர் வீட்டில் மூன்று நிற்கின்றன. பிறந்ததிலிருந்து அங்கேயே கிடந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் புகைபோக்கிக் கல்லும், பாசி பிடித்த கல்லறைகளும்தான். ட்ரெயிலில் காட்டுக்கு நடுவே திடீரென்று நேர்க்கோட்டில் அடுக்கிய கல்வரிசை தெரிந்தால் நின்று பாருங்கள், அது யாரோ ஒருவருடைய வயல் வரப்பு.

ஹூவருக்குப் பிறகு வந்த அதிபர்கள் ஏன் பயன்படுத்தவில்லை?

பதவி முடியும்போது, அடுத்தடுத்த அதிபர்கள் பயன்படுத்தட்டும் என்று நிலத்தையும் கட்டடங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் பின்னால் வந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், போலியோவால் கால் செயலிழந்தவர். இந்த மேட்டிலும் கல்லிலும் அவரால் எப்படிப் புழங்க முடியும்? 1942இல் மேரிலாந்து மலையில் அவருக்கென்று வேறு இடம் தயாரானது. அதுதான் இன்றைய கேம்ப் டேவிட். ராப்பிடான் 1935இல் பூங்காவோடு கலந்தது, பிறகு சிலகாலம் சாரணச் சிறுவர்கள் கையில் இருந்தது.

கரடி இருக்குமா?

இருக்கும். கருங்கரடி, நம் ஊர்க் கரடி அளவுக்கு முரடு இல்லை. கூட்டமாகப் பேசிக்கொண்டு போனால் அதுவே விலகிப் போகும். சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். விஷப்பாம்பும் உண்டு, கல்லில் கை வைக்குமுன் பார்த்து வையுங்கள். நான் பயப்படுவது இவை இரண்டுக்கும் இல்லை, உண்ணிக்குத்தான். கடுகு அளவுகூட இருக்காது, லைம் நோயைக் கொண்டுவரும். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது முட்டி மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

சாப்பாடு, பெட்ரோல், போன் சிக்னல்?

முகாமில் எதுவும் கிடையாது, குடிதண்ணீர் உட்பட. பிக் மெடோஸில் சிற்றுண்டிக் கடையும் பெட்ரோலும் உண்டு. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைப்பது அங்கே மட்டும்தான், ஆகவே முள் கீழே இறங்கவிடாதீர்கள். சிக்னல் முகட்டில் வரும் போகும், பள்ளத்தில் சுத்தமாக இல்லை. வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புளியோதரையும் உருளை வறுவலும் எடுத்துப்போவது எங்கள் கட்சி. தயிர்சாதம் அக்டோபரில் பரவாயில்லை, ஜூலையில் புளித்துவிடும். குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு கவர் மறக்கக்கூடாது.

எந்த மாதம் நல்லது?

இலை நிறம் மாறும் அக்டோபரில் உலகமே வரும். காட்சிமுனைகளில் காரை நிறுத்த இடம் இருக்காது. எனக்குப் பிடித்தது மே கடைசி: தண்ணீர் நிறைய, கூட்டம் குறைவு. கீழே சமவெளியைவிட எப்போதும் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குளிராக இருக்கும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஜூனில்கூட ஒரு ஸ்வெட்டர். பனிக்காலத்தில் சாலையையே மூடிவிடுவதுண்டு.

இரவு தங்கலாமா?

முகாமில் முடியாது. பிக் மெடோஸில் தங்கும் விடுதியும் கூடாரத் திடலும் இருக்கின்றன.

மீன் பிடிக்கலாமா?

வர்ஜீனியா உரிமம் வேண்டும், செயற்கைத் தூண்டில்தான், பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். குழம்பு ஆசையோடு வராதீர்கள். நீலகிரி அவலாஞ்சியில் இருப்பது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட். இங்கே ஓடுவது இந்த மலைக்கே சொந்தமான புரூக் டிரவுட். பாலத்திலிருந்து குனிந்து நிழல் விழாமல் பார்த்தால், நீரோட்டத்துக்கு எதிரே மூக்கை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது தெரியும்.

குழந்தைகளுக்கு அங்கே பொழுது போகுமா?

ஓடை இருக்கும்போது வேறென்ன வேண்டும்? ஆனால் ஒரு எச்சரிக்கை. ஹூவருக்கு ஓடையில் கல்லை அடுக்கி அணை கட்டுவதில் அலாதிப் பிரியம். மீன் தங்கக் குட்டை உண்டாக்குகிறேன் என்று வந்த விருந்தாளிகளையும் கல் தூக்க வைத்தார். இன்று அதே வேலையைச் செய்ய அனுமதி இல்லை, கல்லுக்கடியில் பூச்சியும் மீன்முட்டையும் இருக்கும். போன முறை என் அக்கா மகன் அரைமணி நேரம் சேற்றில் உழன்று முழங்கால் உயரத்துக்கு ஒன்று கட்டிவிட்டான். அந்தப் பக்கம் வந்த ரேஞ்சர் அம்மா சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அவன் முகம் தொங்கிப்போய் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "மாமா, ஸ்கூல்ல ஹூவர் டேம்னு படிச்சோமே, அது இதுதானா?"